ஆச்சிக்கு எப்போது பிறந்தநாள்?

மூத்த பேரனுக்கு ஆடியில் பூசம். பேத்திக்கு மார்கழித் திருவாதிரை. மருமகன் பிறந்தது பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள். கடைக்குட்டி மகள், இந்திரா காந்தி செத்த அதே ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு ராத்திரி. தென்காசிப் பக்கத்து ஆச்சிமார்களிடம் கேட்டால் குடும்பத்தில் அத்தனை பேர் பிறப்பும் இப்படித்தான் மாதம், நட்சத்திரம், மழை, வெயிலோடு வந்து விழும். எழுதி வைத்ததில்லை. நாம்தான் காலண்டரிலும் போனிலும் குறித்துவைத்துவிட்டு மறக்கிறவர்கள்.

அவளிடம் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். "எனக்கென்னல பிறந்தநாளு, போ அங்கிட்டு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

நமக்கும் தெரியாது. ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தால் ஜனவரி முதல் தேதி என்றிருக்கும். நாட்டில் எத்தனையோ கிழவிகள் ஜனவரி முதல் தேதியில் பிறந்தவர்கள்தான். முகாமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன் "வயசு என்ன பாட்டி?" என்று கேட்டு, கழித்து, வருஷத்தைப் போட்டான். மாதமும் தேதியும் கேட்டான், அவள் முழித்தாள், அவன் ஒன்று, ஒன்று என்று தட்டிவிட்டான். பக்கத்தில் நின்றது நாம். "எந்த மாசம் ஆச்சி, கார்த்திகையா, தையா?" என்று கேட்க நம் வாய்க்கு வரவில்லை. வரிசை நகர வேண்டும் என்ற அவசரம்.

இதை நம்மேலேயே போட்டுக்கொள்ளும் குற்றச்சாட்டாகத்தான் எழுதுகிறேன். 'நாம்' என்றால் தென்காசியிலும் குற்றாலத்திலும் செங்கோட்டையிலும் கடையத்திலும் சுரண்டையிலும் பிறந்து, வளர்ந்து, சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போய்ச் சேர்ந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். தாத்தா போனபின் ஆச்சியைத் தனியாக விட்டு வந்தவர்கள். சோறு போடாமல் விட்டோமா என்றால் இல்லை. மாதம் பிறந்தால் பணம் போகிறது, மாத்திரை போகிறது. ஆகவே நாம் நல்லவர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகளின் பிறந்தநாளையே எடுத்துக்கொள்வோம். கேக் வெட்டுவது சென்னையில். இரவு எட்டு மணிக்கு வீடியோ கால் என்று சொல்லியிருப்போம். ஆறு மணிக்கே அவள் முகம் கழுவி, பெட்டியிலிருந்து நல்ல சேலையாக ஒன்றை எடுத்து உடுத்தி, போனை அரிசி டப்பாவில் சாய்த்து, அது சரியச் சரியச் செம்பை முட்டுக்கொடுத்து, முன்னால் உட்கார்ந்துவிடுவாள். நாம் கூப்பிடும்போது எட்டே முக்கால் ஆகியிருக்கும். பாதி நேரம் அவளுக்குத் தெரிவது நம் வீட்டு மின்விசிறி. நமக்குத் தெரிவது அவள் நெற்றியும், பின்சுவரில் மாலை போட்ட தாத்தா படமும். "ஆச்சிக்கு ஹாய் சொல்லு." பிள்ளை சொல்லிவிட்டு ஓடிவிடும். "கேக்கா? நான் பேசுறது கேக்கா?" என்று அவள் இரண்டு தடவை கேட்பாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவோம்.

அன்று காலையில் அவள் என்ன செய்தாள் என்று நாம் கேட்டதில்லை. காசி விசுவநாதர் கோயிலுக்குப் போய், அந்தப் பெரிய கோபுர வாசலில் ஆளைத் தள்ளும் காற்றுக்குச் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்திருப்பாள். பாயசம் வைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊற்றியிருப்பாள். பிறந்தநாள்காரன் இல்லாமலே ஒரு பிறந்தநாள் தென்காசியில் நடந்து முடிந்திருக்கும். எட்டே முக்காலுக்கு நாம் காட்டியதுதான் இரண்டாவது.

அவளுடைய நாள் மட்டும் ஏன் விட்டுப்போனது? மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம் விழாக்களின் அமைப்பே அப்படி. அறுபதுக்கு மணிவிழா, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். திருக்கடையூருக்கு வேன் பிடித்துப் போய்ச் செய்கிறோம். எல்லாமே கணவனின் வயதுக் கணக்கு. அவர் பக்கத்தில் மாலையோடு உட்காருவதற்கு அவள் வேண்டும், அவளுக்கு எத்தனை வயது என்பது பத்திரிகையில் அச்சாவதில்லை. அவர் ஐம்பத்தெட்டில் போய்விட்டாரென்றால் அவளுடைய அறுபது, எழுபது, எண்பது எல்லாமே அவரோடு போய்விடுகின்றன. எண்பது தாண்டி ஆயிரம் பிறை பார்த்த கண் அவளுடையது. ஆனாலும் கலசத் தண்ணீர் அவள் தலையில் விழாது.

"நாங்க அந்த மாதிரி சாங்கியமெல்லாம் பார்க்கிறதில்லை" என்று நாம் சொல்லுவோம். உண்மையாகவே நம்பிச் சொல்லுவோம். அப்புறம் பேத்தியின் வளைகாப்பு வரும். வளையல் போட வரிசையாகக் கூப்பிடும்போது அவள் அடுக்களைக் கதவோரம் போய் நின்றுகொள்வாள். ஆரத்தித் தட்டை யார் எடுப்பது என்ற பேச்சு வரும்போது அங்கேயும் இருக்கமாட்டாள், பந்திக்கு இலை போதுமா என்று பார்க்கப் போயிருப்பாள். பிறகு ஆல்பத்தைப் புரட்டினால் ஆச்சி எங்கும் இல்லை. "அவங்களேதான் ஒதுங்கிக்கிட்டாங்க" என்பது நாம் வைத்திருக்கும் வாக்குமூலம். அவள் ஒதுங்கியது உண்மை. நாலடி தூரத்தில் நின்றிருந்தாள், கையைப் பிடித்து இழுத்து வரலாம். யாரும் இழுக்கவில்லை என்பதும் உண்மை. சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று நமக்குள் ஒரு கணக்கு ஓடியது.

மகாராஷ்டிரத்தில், கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்று ஒரு கிராமம். 2022 மே மாதம் அந்த ஊராட்சி ஒரு தீர்மானம் போட்டது: கணவன் இறந்த பெண்ணின் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது, தாலியைக் கழற்றுவது எதுவும் இனி எங்கள் ஊரில் கிடையாது. மற்ற ஊராட்சிகளும் இதைப் பின்பற்றலாமே என்று மாநில அரசு சுற்றறிக்கை விட்டது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் நம் சென்னை உயர் நீதிமன்றம். ஈரோடு மாவட்டத்தில், கணவனை இழந்தவள் கோயிலுக்குள் வந்தால் தீட்டு என்று ஒரு பெண்ணைத் தடுத்த வழக்கு. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அதைக் கடுமையாகக் கண்டித்து, அவரைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். இரண்டு செய்தியையும் குடும்பக் குழுவில் நாம் பகிர்ந்தோம், கைதட்டும் படங்கள் வரிசையாக விழுந்தன. அந்தக் குழுவில் ஆச்சி இல்லை. "அவங்களுக்கு எதுக்கு வாட்ஸப்?"

தமிழ்நாடு வேகமாக வயதாகிக்கொண்டிருக்கும் மாநிலம். 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் நம் மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபதைக் கடந்தவர்கள். நமக்கு முன்னால் இருந்தது கேரளம் ஒன்றுதான். 2031-இல் இது 18.2 ஆகும் என்கிறது அந்த மதிப்பீட்டைத் தந்த மத்திய அரசு அறிக்கை. இந்திய அளவில் அறுபது தாண்டிய பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கணவனை இழந்தவர்கள். தாத்தாக்களில் மனைவியை இழந்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. தாத்தாக்கள் பெரும்பாலும் முந்திக்கொள்கிறார்கள், முந்தாதவர்களில் பலருக்கு நம் பெரியவர்களே மறுகல்யாணம் பண்ணிவைத்திருக்கிறார்கள். விதவை மறுமணச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. நம் தெருக்களில் அது யாருக்குப் பயன்பட்டது என்று எண்ணிப் பார்க்க ஒரு கை விரல்களே மிச்சம்.

நமக்கு அவள் வேண்டாதவள் என்று சொல்லவில்லை. நன்றாகவே வேண்டும். பிரசவத்துக்கு ஆச்சி, பேரனுக்கு மஞ்சள் காமாலை என்றால் ஆச்சி, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் காலையில் எழுப்பிவிட ஆச்சி. செங்கோட்டையிலிருந்து பொதிகை ரயிலில் ஏற்றிவிட்டால், துணிப்பையில் முறுக்கும் மாவடுவும் மிளகாய்ப்பொடியுமாகக் காலையில் எழும்பூரில் இறங்கிவிடுவாள். வேலை முடிந்ததும் திருப்பி ஏற்றிவிடுவோம். பிறந்தநாளுக்கு மட்டும் "எதுக்கு அலைச்சல்?" 58 வயதைக் கடந்த பெண்களுக்கு ரயிலில் பாதிக் கட்டணம் என்றிருந்த சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தப்பட்டது, நிறுத்தினது நிறுத்தினதுதான். அரசாங்கத்தை நாம் திட்டினோம், திட்ட வேண்டியதும்தான். ஆனால் கேக்குக்கும் பலூனுக்கும் கொடுத்த பணத்தில் அவளுக்கு முழுக் கட்டணத்தில் போக வர டிக்கெட் எடுத்திருக்கலாம் என்பதை வீட்டில் யாரும் சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

ஆலங்குளம், கடையநல்லூர்ப் பக்கம் போனால் இன்னொரு காட்சி. திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் சுளகு. நனைத்த பீடி இலைமேல் தகரத்தை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் பரப்பி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்துப் போட்டபடி பேசிக்கொண்டிருப்பாள். கண் நம்மேல் இருக்கும், விரல் நிற்காது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கணவன் போனபின் இந்தச் சுளகை வைத்தே பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆதரவற்ற விதவைகளுக்கான உதவித்தொகையைத் தமிழக அரசு 1975-இல் தொடங்கியது. 2023-இல் அது ஆயிரத்திலிருந்து 1200 ரூபாய் ஆனது. அந்த 1200-லிருந்துதான் பேரனுக்குப் பிறந்தநாள் சட்டைக்கு ஐந்நூறு எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். நாமும் "எதுக்கு ஆச்சி இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொள்கிறோம்.

சட்டம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். மகன், மகள் மட்டுமல்ல, வயது வந்த பேரன் பேத்தியும் அதன்படி பொறுப்பாளிகள். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வக்கீல் வைக்காமலே மனுக் கொடுக்கலாம். பராமரிப்பு என்றால் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் என்று அந்தச் சட்டம் வகுத்திருக்கிறது. அதில் நம்மில் பெரும்பாலோர் பாஸாகிவிடுவோம். அதனால்தான் இந்த வாக்குமூலத்தைத் தீர்ப்பாயத்தில் கொடுக்க முடியாமல் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவளுக்கு ஒரு புது வாழ்க்கை தொடங்கியபோது அதை நாம் ரசிக்கவில்லை.

தாத்தா போய் வருஷம் திரும்பிய பிறகு அவள் மெல்ல அசைகிறாள். முதலில் தெருமுனைக் கோயில் பஜனை. பிறகு மகளிர் குழு. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும் கால் முளைத்துவிட்டது. சாரல் விழ ஆரம்பித்தால் நாலைந்து பேராகச் சேர்ந்துகொண்டு, மாற்றுச்சேலையும் எண்ணெய்க் குப்பியும் ஒரு வாளியில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்புகிறார்கள்.

பேரருவியில் பெண்கள் பக்கம் அவர்கள் குளிப்பதை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். தலை முழுக்க எண்ணெய். ஒருத்தி மணிக்கட்டை ஒருத்தி பிடித்துக்கொண்டு, இரும்புக் கம்பியைத் தடவித் தடவி, வழுக்கும் தரையில் வரிசையாக உள்ளே போகிறார்கள். முதல் வீச்சு மண்டையில் விழுந்ததும் ஒரு கூச்சல். எழுபது வயதுத் தொண்டையிலிருந்து ஏழு வயதுச் சத்தம். பக்கத்தில் நிற்கும் காலேஜ் பெண்களைத் தோளால் தள்ளிவிட்டுத் தண்ணீருக்கு நேராக முதுகைக் கொடுக்கிறார்கள். தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்துப் போலீஸ் விசில் ஊதினாலும், "இந்தா வந்துட்டோம்யா" என்று இன்னொரு முறை தலையை நீட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள். அப்புறம் கடைவீதியில் சுடச்சுட நேந்திரங்காய் சிப்ஸ், மிளகாய் பஜ்ஜி. சீசனில் மங்குஸ்தான் வந்திருந்தால் விலை கேட்டுவிட்டு, கடைக்காரனோடு சண்டை போட்டு, கால் கிலோ. தான் சாப்பிடாமல் நமக்கென்று எடுத்துவைத்திருப்பாளே அந்த ஆச்சிதான் இவள். இங்கே யாருக்கும் எடுத்துவைக்காமல் தின்கிறாள்.

இந்தச் செய்தி போனில் நமக்கு வருகிறது. நாம் என்ன சொன்னோம்? "இந்த வயசுல இதெல்லாம் தேவையா? வழுக்கி விழுந்தா யார் பார்க்கிறது?" அக்கறை மாதிரித்தான் இருக்கும். ஆனால் நம் மனதில் ஓடியது அவள் இடுப்பெலும்பைவிட நம் லீவுக் கணக்குதான். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் வேறொன்றும் இருக்கிறது. தாத்தா படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற ஆச்சிதான் நமக்குப் பழக்கம். சிரிக்கிற ஆச்சி, அரக்கு நிறச் சேலை எடுத்த ஆச்சி, ரீல்ஸ் பார்த்துத் தோழிக்கு அனுப்புகிற ஆச்சி தாத்தாவுக்குத் துரோகம் செய்வது போல நமக்குத் தோன்றியது. தாத்தாவே கூட அப்படி நினைத்திருக்கமாட்டார்.

செங்கோட்டையைத் தாண்டினால் ஆரியங்காவு, புனலூர், கொல்லம். 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்–கொச்சியில்தான் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் நமக்கு வேற்றூர் அல்ல. கொல்லம் பக்கம் பிராக்குளத்தில் பாகீரதி அம்மா என்று ஒருவர். சின்ன வயதில் தாய் இறந்ததால் படிப்பை விட்டவர், முப்பதுகளிலேயே கணவனை இழந்து ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். 2019 நவம்பரில், 105 வயதில், எழுத்தறிவு இயக்கத்தின் நாலாம் வகுப்புக்கு இணையான தேர்வை வீட்டிலிருந்தே எழுதினார். 275-க்கு 205 மதிப்பெண். பிரதமர் வானொலியில் அவரைப் பற்றிப் பேசினார். நாரி சக்தி விருது கிடைத்தது. 2021 ஜூலையில் 107 வயதில் காலமானார். அவர் வீட்டில் யாராவது "இந்த வயசுல எதுக்கு?" என்று சொல்லியிருந்தால் அந்தத் தேர்வு நடந்திருக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே 2019 நவம்பரில்தான் தென்காசி தனி மாவட்டம் ஆனது. மதுமிதா இயக்கிய 'கே.டி. என்கிற கருப்புதுரை' படம் வந்ததும் அந்த மாதமே. தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று எல்லோரும் தணிந்த குரலில் பேசுகிற ஒன்று, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துப் பெரியவர்களை 'அனுப்பிவைப்பது', அதற்குப் பிள்ளைகள் நாள் குறிப்பதைக் காதில் வாங்கிவிட்டு ஒரு கிழவர் ஓடிப்போகிற கதை. மு. ராமசாமி நடித்திருந்தார். அவருக்கு என்னென்ன ஆசை என்று கேட்டுப் பட்டியல் போடுகிறவன் கோயிலில் வளர்ந்த ஓர் அநாதைச் சிறுவன். பெற்ற பிள்ளைகளில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தோம். எண்ணெயும் இளநீரும் நம் வீட்டில் கிடையாது என்ற நிம்மதியோடு.

தாத்தாமார் கதை வேறு மாதிரி. மனைவி போன தாத்தாவுக்குக் காப்பிப் பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்பதே தெரியாது. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுக் கோயில் வாசல் காற்றில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறார். அவரை ஆரத்திக்கு முன்னால் நிற்காதே என்று யாரும் சொல்வதில்லை, அவரோடு பேசுவதும் இல்லை. எழுத்தாளர் கி. ராஜநாராயணனைப் போன்ற யோகம் எல்லோருக்கும் வாய்க்காது. குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யின் சபையில் உட்கார்ந்து எழுந்தவர். 2019-இல் மனைவி கணவதி அம்மாள் மறைந்த பிறகும், தொண்ணூற்றைந்தைத் தாண்டிய வயதில், தன் கையெழுத்தாலேயே புதிதாக எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு செப்டம்பர் 16-க்கும் வாசகர்கள் புதுச்சேரிக்கு அவரைத் தேடிப் போனார்கள். வாசகர்கள் இல்லாத தாத்தாவுக்கு நாம்தான் போக வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பேசும்போது ஆச்சி பிறந்த மாதத்தைக் கேளுங்கள். தெரியாது என்பாள். அவளுடைய அக்காவோ, தாய்மாமன் வீட்டில் ஒரு பெரியம்மையோ உயிரோடு இருந்தால் அவர்களுக்குத் தெரியும். எந்தப் பயிர் அறுப்பு, எந்தக் கோயில் கொடை, யார் செத்த வருஷம் என்று ஒரு முனை கிடைக்கும், அதைப் பிடித்து மாதத்துக்கு வந்துவிடலாம். அவர்களும் போய்விட்டால் கேட்க ஆள் கிடையாது. மாதம் கிடைக்கவே இல்லையென்றால் அவளையே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆதார்க்காரன் தேர்ந்தெடுக்கும்போது அவள் தேர்ந்தெடுக்கக் கூடாதா? என்ன வேண்டும் என்றும் கேளுங்கள். கேக் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

ஆனியில் சாரல் தொடங்கும். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் இலவசம். கூடப் போகிற பேரனுக்குத்தான் காசு.